லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: புத்தகமா படமா சண்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோல்கீன் எழுதிய லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நாவலை பீட்டர் ஜாக்சன் 2001, 2002, 2003 என்று அடுத்தடுத்த மூன்று டிசம்பர்களில் மூன்று படங்களாகக் கொண்டுவந்தார். சௌரான் என்ற தீயவனின், உலகையே ஆளும் மோதிரத்தை அவன் நாடான மோர்டோரின் எரிமலையில் எறிந்து அழிக்கக் கிளம்பும் ஃப்ரோடோ என்ற ஹாபிட்டின், அதாவது குட்டி மனிதனின், கதை அது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் புத்தகம் படித்தவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு இன்னமும் அங்கேதான் போய் நிற்கிறது: அதை ஏன் வெட்டினார்கள், இதை ஏன் மாற்றினார்கள், இந்த ஆளை ஏன் இப்படிக் கெடுத்தார்கள். நானும் பல வருடமாக இந்தச் சண்டையில் இருக்கிறேன். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். படத்தில் எந்தச் சம்பவம் விடுபட்டது என்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. யாருடைய மனசை மாற்றி எழுதினார்கள் என்பதில்தான் வருத்தம். கீழே உள்ள பதில்கள் எல்லாமே கதையின் முடிவுவரை பேசுகின்றன, அதனால் முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னும் படிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. எதில் தொடங்குவது?

படத்தில். புத்தகக் கட்சிக்காரர்கள் பலருக்கு இந்தப் பதில் பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் யோசித்துத்தான் சொல்கிறேன். புத்தகத்தின் தொடக்கம் மிக நிதானமானது. உறவுக்காரர் பில்போவின் பிறந்தநாள் விருந்து முடிந்து மோதிரம் ஃப்ரோடோ கைக்கு வந்த பிறகு, அவன் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் 17 வருடம் ஓடிவிடும். ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர், வம்சப் பெயர் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும், நிறையப் பேர் அங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள். படம் பார்த்தவருக்கு அந்த உலகத்தின் வரைபடம் மனதில் ஏறிவிடுவதால் அந்த நிதானத்தை ரசிக்க முடியும். ஒரே ஒரு நஷ்டம் உண்டு: புத்தகத்து ஃப்ரோடோ கிளம்பும்போது அவனுக்கு 50 வயது, படப்பிடிப்பு தொடங்கியபோது எலைஜா வுட்டுக்கு 18. அந்த இளம் முகத்தை அப்புறம் மனதிலிருந்து கழற்றுவது கஷ்டம்.

மூன்று படம் என்றால் மூன்று புத்தகமா?

இல்லை, ஒரே நாவல்தான். உள்ளே ஆறு பாகங்கள். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகிதம் விலை அதிகம் என்பதால் பதிப்பகம் அதை மூன்று தொகுதியாகப் பிரித்து 1954, 1955இல் வெளியிட்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் படத்தைப் பற்றி வாதிட முடியாது. ஏனென்றால் இரண்டாவது தொகுதியின் முதல் பாதி முழுக்க அரசுரிமையுள்ள வீரன் அரகார்ன், மந்திரவாதி காண்டால்ஃப், ரோஹன் நாட்டுப் போர் என்று போகும், ஃப்ரோடோ பெயரே பெரிதாக வராது. அடுத்த பாதி முழுக்க ஃப்ரோடோ, அவன் தோழன் சாம், முன்பு மோதிரத்தை வைத்திருந்து அதற்காகவே ஏங்கும் கோல்லம் மட்டும். ஒரு பக்கம் நடப்பது மறுபக்கத்துக்குத் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் புத்தகத்தின் பயமே. படத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள், திரையில் அதைத் தவிர வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அப்படிப் பின்னும்போது ஷெலாப் என்ற ராட்சதச் சிலந்தியின் பகுதி மூன்றாவது படத்துக்குத் தள்ளிப் போனது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபாராமிர் கேள்வியில் தேவைப்படும்.

டாம் பாம்படில் ஏன் இல்லை?

பாம்படில் என்பவர் காட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு திரியும் ஒரு விசித்திர மனிதர், மனிதர்தானா என்பதே தெரியாது. மோதிரத்தை விரலில் போட்டாலும் அவர் மறைய மாட்டார், அதற்கு அவர்மேல் எந்த அதிகாரமும் கிடையாது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், ஆனால் வெட்டியது சரி. மோதிரம் எவ்வளவு ஆபத்தானது என்று முதல் ஒரு மணி நேரம் பார்வையாளரைப் பயமுறுத்திவிட்டு, உடனே அதை விளையாட்டுச் சாமான் போலத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ஒருவரைக் காட்டினால் அந்தப் பயம் அங்கேயே செத்துவிடும்.

டோல்கீனே கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருக்கிறார். 1958இல் ஒரு அமெரிக்கக் குழு இந்தக் கதையைப் படமாக்க எழுதிய திரைக்கதைச் சுருக்கம் அவரிடம் வந்தது, அதை வரி வரியாகக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பாம்படிலின் மனைவி கோல்ட்பெர்ரி அதில் அர்த்தமில்லாமல் வந்து போவதைப் பார்த்துவிட்டு, இப்படி வருவதற்கு அவள் வராமலே இருக்கலாம் என்கிறார். அந்தக் கடிதம் முழுக்க அவருடைய கொள்கை இதுதான்: எல்லாவற்றையும் நசுக்கி உள்ளே திணிக்காதே, இடமில்லை என்றால் முழுசாக எடுத்துவிடு. பாம்படில் விஷயத்தில் ஜாக்சன் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

ஆற்றங்கரையில் க்ளோர்ஃபிண்டெல் வர வேண்டிய இடத்தில் ஆர்வென் எப்படி வந்தாள்?

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமுமே தவறான இடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன். அரகார்னின் காதலி ஆர்வென், எல்ஃப் என்ற சாவில்லாத இனத்துப் பெண்; புத்தகத்தில் அவள் கதை பெரும்பாலும் பின்னிணைப்பில் இருக்கிறது. அரகார்ன் யாருக்காக இவ்வளவு பாடுபடுகிறான் என்று காட்ட அவளை முன்னே கொண்டுவருவதில் தப்பே இல்லை. க்ளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் வீரரை இழந்ததும் படத்துக்கு நஷ்டமில்லை.

உண்மையான நஷ்டம் ஃப்ரோடோவுக்கு. புத்தகத்தில் அவன் உடம்பில் கத்திமுனை ஏறி, கண் மங்கி, எல்ஃப் குதிரைமேல் தனியாக ஆற்றைக் கடந்து அக்கரையில் திரும்பி நிற்கிறான். துரத்தி வந்த சௌரானின் ஒன்பது கறுப்புக் குதிரைவீரர்களும் எதிர்க்கரையில். கத்தியைத் தூக்கி, மோதிரமும் கிடைக்காது நானும் கிடைக்க மாட்டேன் என்று அவர்களிடம் சொல்கிறான். எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத ஒருவனின் பேச்சு அது. படத்தில் அந்தச் சவாலை ஆர்வென் விடுகிறாள், ஃப்ரோடோ மூட்டை போல அவள் மடியில் கிடக்கிறான். அதற்கு முன்னால் மலையுச்சியில் தாக்கப்படும்போதும் இதே கதைதான்: புத்தகத்தில் அவன் எல்ஃப்கள் வணங்கும் எல்பெரெத்தின் பெயரைக் கத்திக்கொண்டு எதிரியின் காலை நோக்கி வெட்டுகிறான், படத்தில் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்கிறான். எலைஜா வுட் அருமையாக நடித்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. அவருக்கு எழுதிக் கொடுத்த ஃப்ரோடோதான் பாதி ஃப்ரோடோ.

ஃபாராமிரை ஏன் கெடுத்தார்கள்?

புத்தக ரசிகர்களின் ஆறாத புண் இதுதான். என்னுடையதும்.

ஃபாராமிர், போரோமிரின் தம்பி. போரோமிர் ஃப்ரோடோவோடு பயணம் வந்து, மோதிர ஆசையில் அவன்மேலேயே பாய்ந்தவன், பிறகு அதற்காக உயிரையே கொடுத்தவன். அவன் இறந்துவிட்டான் என்று தெரிந்த நிலையில் தம்பி ஃபாராமிர் காட்டில் ஃப்ரோடோவையும் சாமையும் பிடிக்கிறான். விசாரிக்கிறான், மெதுவாக உண்மையை நெருங்குகிறான். அந்தப் பொருள் நடுரோட்டில் கிடந்தால்கூட நான் குனிந்து எடுக்க மாட்டேன் என்று, அது என்னவென்று தெரிவதற்கு முன்பே சொல்கிறான். பிறகு சாம் வாய் தவறி மோதிரம் என்று உளறிவிடுகிறான். ஒரு கணம் எல்லாம் நின்றுபோகும். ஃபாராமிர் எழுந்து நிற்கிறான், அவன் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு குட்டி மனிதர்கள், கூப்பிட்டால் வர அவன் ஆட்கள், உலகத்தையே ஆளும் ஆயுதம். பிறகு அவன் மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறான். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றி, சாப்பாடு கொடுத்து அனுப்பி வைக்கிறான்.

படத்தில் அவன் மோதிரத்தை அப்பாவிடம் கொண்டுபோகத் தீர்மானித்து, ஃப்ரோடோவைக் கட்டி இழுத்துக்கொண்டு ஆஸ்கிலியாத் நகரம்வரை போகிறான். அங்கே ஃப்ரோடோ எதிரியின் பறக்கும் வீரன் முன்னால் மோதிரத்தை நீட்டாத குறையாக நிற்கிறான். மோதிரம் எங்கே இருக்கிறது என்பது அந்தக் கணத்தோடு சௌரானுக்குத் தெரிந்துபோயிருக்க வேண்டாமா? சாம் இழுத்துக் காப்பாற்றி, நாம் இங்கே இருக்கவே கூடாது என்று சொல்கிறான். அந்த வசனம் புத்தகம் படித்தவர்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும், அவர்கள் அங்கே போகவே இல்லை என்பதால்.

திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஃபிலிப்பா பாயன்ஸ் இதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறார். இரண்டு படமாக மோதிரத்தின் சக்தியை ஏற்றிக்கொண்டே வந்து, ஒருவன் அதை எனக்கு வேண்டாம் என்று சுலபமாகத் தள்ளிவிட்டால் அதன் சக்தி போய்விடும் என்பது ஒன்று. ஷெலாப் மூன்றாவது படத்துக்குப் போய்விட்டதால் இரண்டாவது படத்தில் ஃப்ரோடோ பகுதிக்கு ஒரு உச்சம் தேவைப்பட்டது என்பது இன்னொன்று. இரண்டாவது காரணத்தை நான் ஒத்துக்கொள்கிறேன், அது கட்டுமானப் பிரச்சினை. முதல் காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. புத்தகத்து ஃபாராமிர் சுலபமாகத் தள்ளவில்லை. தன்னால் தாங்க முடியாத பொருள் அது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் தொடவே மறுக்கிறான். கதாபாத்திரங்களில் யாராவது என்னைப் போல இருந்தால் அது ஃபாராமிர்தான், ஆனால் அவர்களிடம் உள்ள தைரியம் என்னிடம் இல்லை என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். உலகத்தை மூழ்கடிக்கும் பேரலைக் கனவு அவருக்கே வாழ்நாள் முழுக்க வந்த கனவு, அதைக்கூடக் கதையில் இவனுக்குத்தான் கொடுத்தார்.

டேவிட் வென்ஹாம் நடிப்பின்மேல் எனக்குக் குறை இல்லை. பிறகு வீட்டில் பார்க்க வெளியிட்ட நீட்டிக்கப்பட்ட பதிப்பில் போரோமிரும் ஃபாராமிரும் அப்பாவும் சேர்ந்து வரும் ஒரு பின்கதைக் காட்சி இருக்கிறது, அதைப் பார்த்தால் அவன் ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்றாவது புரியும். திரையரங்குப் பதிப்பில் அதுவும் இல்லை.

என்ட்கள் விஷயத்திலும் இதே குறையா?

ஆமாம். என்ட் என்பவர்கள் மரங்களை மேய்க்கும் மரமனிதர்கள். புத்தகத்தில் மூன்று நாள் கூடிப் பேசி, ஆற அமர யோசித்து, தீய மந்திரவாதி சாருமான்மேல் போருக்குப் போவது என்று அவர்களே முடிவெடுக்கிறார்கள். தாங்கள் அழியப் போகலாம் என்றும் தெரிந்தே நடக்கிறார்கள். படத்தில் போர் வேண்டாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள், பிறகு ஃப்ரோடோவின் நண்பன் பிப்பின் தந்திரமாக அவர்களில் மூத்தவரான ட்ரீபியர்டை வெட்டப்பட்ட மரங்கள் பக்கம் கூட்டிப் போக, அதைப் பார்த்துத்தான் கோபம் வருகிறது. காட்டின் காவலனுக்குத் தன் காட்டில் மரம் வெட்டியது தெரியாதா என்பது நியாயமான கேள்வி. புத்தகத்தில் அவருக்கு ஏற்கெனவே தெரியும், உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இங்கேதான் எனக்கு ஒரு பொதுப் போக்கு புலப்பட்டது. ஃபாராமிர், ட்ரீபியர்ட், அரகார்ன் என்று படம் மாற்றிய எல்லோருமே புத்தகத்தில் முன்பே மனசு தெளிந்தவர்கள். படம் அவர்களை முதலில் மறுக்க வைத்து, பிறகு யாராவது ஒருவர் உசுப்பிவிட்டுச் சரியான பக்கம் வர வைக்கிறது. கதாபாத்திரம் என்றால் மாற வேண்டும் என்பது திரைக்கதை எழுதுபவர்களிடம் ஊறிப்போன பழக்கம். மாறாமல் நிற்பதும் ஒரு கதைதான் என்று டோல்கீன் நம்பினார்.

அப்படியானால் அரகார்னும் தப்பா?

இதில் நான் கொஞ்சம் இறங்கி வருவேன். புத்தகத்து அரகார்ன் உடைந்த வாளைக் கூடவே எடுத்துக்கொண்டு அலைகிறான், பயணம் தொடங்கும் முன்பே எல்ஃப்கள் அதை ஒட்டவைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், ரோஹன் வீரர்கள் முன்னால் தன் வம்சப் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்கிறான். படத்தில் அவன் அரசுரிமையைக் கண்டு பயப்படுகிறான், வாள் மூன்றாவது படத்தில்தான் கைக்கு வருகிறது. முன்னோர் இசில்டூர் மோதிரத்துக்கு அடிமையானதால் தன் ரத்தத்திலும் அந்தப் பலவீனம் இருக்குமோ என்ற பயம், அது நல்ல பயம். விகோ மார்டென்சன் படப்பிடிப்பு தொடங்கிய பிறகு கடைசி நேரத்தில் வேறொரு நடிகருக்குப் பதிலாக வந்தவர், ஆனால் இன்றைக்கு அந்த வேடத்தில் வேறு யாரையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒருவரை இப்படி மாற்றியது சரி. எல்லோரையும் இதே அச்சில் வார்த்ததுதான் எனக்குக் குறை.

ரோஹனின் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைக்கு எல்ஃப் படை வந்தது புத்தகத்தில் உண்டா?

புத்தகத்தில் வராது. எல்ஃப்கள் சும்மா இருக்கவில்லை, அந்தப் போர்க் காலத்தில் அவர்கள் வாழும் லோரியன் காடே தாக்கப்பட்டது, அது பின்னிணைப்பில் இருக்கிறது. படத்தில் அவர்கள் அணிவகுத்து வரும்போது மயிர்க்கூச்செறிகிறது என்பது உண்மை. ஆர்வெனையே அந்தப் போரில் சண்டையிட வைத்துக் கொஞ்சம் படம் பிடித்து, பிறகு வேண்டாம் என்று விட்டார்கள். அந்தமட்டில் தப்பித்தோம்.

படிக்கட்டில் ஃப்ரோடோ சாமைத் துரத்துவது புத்தகத்தில் உண்டா?

இல்லை. எனக்கு மூன்று படத்திலும் தாங்க முடியாத மாற்றம் இதுதான், ஃபாராமிரைவிடவும்.

படத்தில் கோல்லம் ரொட்டியைக் கீழே எறிந்துவிட்டு, அதன் துணுக்குகளைச் சாமின் உடுப்பில் தூவி, பழியை அவன்மேல் போடுகிறான். ஃப்ரோடோ அதை நம்பி, சாமை வீட்டுக்குப் போ என்கிறான். மோர்டோர் எல்லையில் நிற்பவனை வீட்டுக்குப் போ என்றால் எப்படிப் போவான்? புத்தகத்தில் இருவரும் சேர்ந்துதான் சிலந்தியின் குகைக்குள் நுழைகிறார்கள்.

ஆனால் என் வருத்தம் அந்தச் சண்டை சேர்க்கப்பட்டது மட்டும் இல்லை, அந்த இடத்தில் இருந்த ஒன்று காணாமல் போனது. புத்தகத்தில் அதே படிக்கட்டில் ஃப்ரோடோ களைத்துப்போய்ச் சாமின் மடியில் தலைவைத்துத் தூங்குகிறான், சாமும் தூங்கிவிடுகிறான். வெளியே போய்ச் சிலந்தியிடம் துரோகத்தைப் பேசி முடித்துவிட்டுத் திரும்பி வரும் கோல்லம் இருவரையும் பார்க்கிறான். அவன் கண்ணில் இருந்த வெறி அணைந்துபோகிறது, கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான், கிட்டத்தட்ட தடவிக்கொடுப்பது போல. அந்த ஒரு நொடியில் அவன் திருந்தியிருப்பான். சாம் விழித்துப் பார்த்து, அவன் எஜமானை ஏதோ செய்கிறான் என்று நினைத்துக் கடுமையாகத் திட்டிவிடுகிறான். அவ்வளவுதான், அந்தக் கணம் போய்விடுகிறது, திரும்பி வருவதே இல்லை. கோல்லம் மயிரிழையில் திருந்தாமல் போன அந்த இடம்தான் தன்னை மிகவும் வருத்தியது என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதினார்.

நல்லவனான சாம், அன்பினாலேயே, ஒருவனின் கடைசி வாய்ப்பைத் தெரியாமல் மூடிவிடுகிறான். அப்படி ஒரு காட்சி இருந்த இடத்தில் ரொட்டித் துணுக்கு. ஆண்டி செர்கிஸ் போல ஒரு நடிகர் கையில் இருந்தார், குளத்தங்கரையில் கோல்லம் தன்னோடு தானே பேசும் காட்சியை அவர் எப்படிச் செய்தார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த முழங்கால் காட்சியை அவருக்குக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஒவ்வொரு முறை படம் பார்க்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

டெனதோர், பேய்ப்படை, கழுகுகள்?

மூன்றும் சேர்ந்தே வரும் கேள்விகள் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். கோண்டோர் நாட்டை ஆளும், ஃபாராமிரின் அப்பாவான டெனதோர் புத்தகத்தில் மிகப் பெரிய அறிவாளி, பாலன்டீர் என்ற பார்வைக்கல் வழியாக சௌரான் காட்டிய பாதி உண்மைகளைப் பார்த்துப் பார்த்து நம்பிக்கை செத்தவர். படத்தில் அந்தக் கல்லைச் சரியாகச் சொல்லாததால் அவர் வெறும் கொடூர அப்பாவாகத் தெரிகிறார். அரகார்ன் துணைக்கு அழைத்த பேய்ப்படை புத்தகத்தில் தெற்குத் துறைமுகத்தோடு விடைபெற்றுவிடும், தலைநகரைக் காப்பாற்ற வருவது உயிருள்ள சாதாரண மனிதர்கள். படத்தில் பச்சை வெள்ளம் போல அவை வந்து போரை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவதால், அதுவரை செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்று ஆகிவிடுகிறது. கடைசியில் ஃப்ரோடோவைக் காப்பாற்றும் ராட்சதக் கழுகுமேல் ஏறி நேராக எரிமலைக்குப் போயிருக்கலாமே என்ற கேள்வி புத்தகத்துக்கும் படத்துக்கும் பொது, அதற்காகப் படத்தைத் திட்டக்கூடாது. 1958 கடிதத்திலேயே டோல்கீன் கழுகுகளை அளவுக்கு மேல் பயன்படுத்தாதே என்று எச்சரித்திருந்தார்.

எரிமலைக் காட்சியில் என்ன மாறியது?

பலரும் கவனிக்காத மாற்றம் இது. இரண்டிலும் ஃப்ரோடோ கடைசி நொடியில் தோற்கிறான், மோதிரம் எனக்கே என்கிறான். இரண்டிலும் கோல்லம் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறிக்கிறான். படத்தில் ஃப்ரோடோ மறுபடி எழுந்து பாய்கிறான், இருவரும் கட்டிப் புரள்கிறார்கள், கோல்லம் விழுகிறான். புத்தகத்தில் ஃப்ரோடோ எழுவதே இல்லை. கோல்லம் சந்தோஷத்தில் குதித்து ஆடி, கால் தவறித் தானே விழுகிறான்.

படத்து முடிவு விறுவிறுப்பானது, ஆனால் அதில் கோல்லம் விழுந்ததற்குக் காரணம் ஃப்ரோடோவின் மோதிர ஆசை. புத்தகத்தில் காரணம் வேறு: பில்போ அவனைக் கொல்லாமல் விட்டான், ஃப்ரோடோ விட்டான், கடைசியில் வெறுப்பை அடக்க முடியாத சாம்கூட மலைச்சரிவில் கத்தியை ஓங்கிவிட்டுக் கொல்லாமல் விட்டான். அந்த மூன்று இரக்கங்களால்தான் அவன் அங்கே இருந்தான், ஃப்ரோடோவால் முடியாததை முடித்துவைத்தான். அது மட்டுமில்லை, இன்னொரு தடவை என்னைத் தொட்டால் நீயே அந்த நெருப்பில் விழுவாய் என்று கொஞ்ச நேரம் முன்புதான் ஃப்ரோடோ அவனை எச்சரித்திருந்தான். எந்த மனிதனாலும் அந்த இடத்தில் அந்த மோதிரத்தை எறிந்திருக்க முடியாது, ஃப்ரோடோவைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று டோல்கீன் வாசகர் ஒருவருக்கு 1963இல் விரிவாக எழுதினார்.

ஷயரை மீட்கும் அத்தியாயத்தை வெட்டியது சரியா?

வெட்டப்பட்ட சம்பவங்களிலேயே நான் உண்மையாக இழப்பாக நினைப்பது இது ஒன்றுதான்.

புத்தகத்தில் எல்லாம் ஜெயித்துவிட்டு ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின் என்ற நாலு ஹாபிட்களும் தங்கள் ஊரான ஷயருக்குத் திரும்பினால் ஊர் ஊராக இல்லை. மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, பிறந்தநாள் விருந்து நடந்த அந்தப் பெரிய மரம் உட்பட. ஆற்றில் கழிவு, புகை, ஊரெல்லாம் கட்டுப்பாடு, அடியாட்கள். பின்னணியில் இருப்பவன் தோற்றுப்போன சாருமான். மெர்ரியும் பிப்பினும் ஊரைத் திரட்டுகிறார்கள், சண்டை நடக்கிறது, 19 ஹாபிட்கள் சாகிறார்கள். ஃப்ரோடோ வாளை உருவவே இல்லை, சரணடைந்தவர்களைக் கொல்லாமல் காப்பதுதான் அவன் வேலையாக இருக்கிறது. பிறகு சாம், எல்ஃப் அரசி கலாட்ரியல் கொடுத்த ஒரு பெட்டி மண்ணை ஊர் முழுக்கத் தூவி மரம் வளர்க்கிறான். படத்தில் அவனுக்குக் கிடைக்கும் பரிசு கயிறு.

இந்த அத்தியாயம் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டது, கதைக்கு அவசியமானது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் சொல்கிறார். தான் சிறுவயதில் வாழ்ந்த கிராமப்புறம் தனக்குப் பத்து வயது ஆவதற்குள் அழிக்கப்பட்டதையும், முதல் உலகப் போர் முடியும்போது நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துபோயிருந்ததையும் அதே முன்னுரையில் எழுதியிருக்கிறார். போர் தொலைவில் எங்கேயோ நடந்து முடிகிற விஷயம் இல்லை என்று தெரிந்தவர் எழுதிய அத்தியாயம் அது.

ஜாக்சன் தரப்புக்கும் நியாயம் உண்டு, உச்சக்கட்டம் முடிந்த பிறகு இன்னொரு சண்டையைத் திரையரங்கில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வது கஷ்டம். அதற்குப் பதிலாக அவர் வைத்தது ஒரு சின்னக் காட்சி: நாலு பேரும் ஊர் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள், சுற்றி எல்லோரும் ஒரு பூசணிக்காயைப் பற்றிப் பரபரப்பாக இருக்கிறார்கள், இவர்கள் போய்வந்தது யாருக்கும் தெரியாது. நாலு பேரும் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். புத்தகத்தில் இல்லாத காட்சி. போரிலிருந்து திரும்பி வந்தவர்களின் இன்னொரு உண்மை அதில் இருக்கிறது. ஊர் மாறியிருந்தாலும் வலிக்கும், மாறாமல் இருந்தாலும் வலிக்கும் என்று அந்த நாலு முகங்களும் காட்டிவிட்டன. இருந்தாலும் எனக்கு அந்த 19 பேர் வேண்டும்.

திரையரங்குப் பதிப்பா, நீட்டிக்கப்பட்ட பதிப்பா?

முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நீட்டிக்கப்பட்டதே. மூன்றாவதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. திரையரங்குப் பதிப்பில் சாருமான் கோபுரத்தில் பூட்டப்பட்டதோடு காணாமல் போகிறான், அவன் சாகும் காட்சியை வெட்டியதில் அவனாக நடித்த கிறிஸ்டோபர் லீக்கு மிகுந்த வருத்தம். நீட்டிக்கப்பட்டதில் அது இருக்கிறது. ஆனால் 1958 கடிதத்தில் டோல்கீன் எழுதியதைப் பாருங்கள்: கதையின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டால் சாருமானைச் சாகடிக்கவே காரணமில்லை என்கிறார். அதன்படி பார்த்தால் திரையரங்குப் பதிப்புதான் அவர் சொன்னதற்கு நெருக்கம். அப்புறம், பேச்சுவார்த்தைக்கு வந்த சௌரானின் தூதனை அரகார்ன் தலை வெட்டுவதும் நீட்டிக்கப்பட்டதில்தான் வருகிறது. தூதனைக் கொல்பவன் நல்ல அரசனா? அந்தக் காட்சிக்காகவே மூன்றாவது படத்தை நான் சின்னப் பதிப்பில் பார்க்கிறேன்.

படம் புத்தகத்தைவிட நன்றாகச் செய்தது எதுவுமே இல்லையா?

இருக்கிறது, நிறைய. போரோமிர் மரணம் முதலில். புத்தகத்தில் அந்தச் சண்டையை நாம் பார்ப்பதில்லை, கொம்பு ஊதும் சத்தம் கேட்டு அரகார்ன் ஓடி வரும்போது எல்லாம் முடிந்து, மரத்தில் சாய்ந்து கிடக்கிறான். படத்தில் ஒவ்வொரு அம்பு பாயும்போதும் ஷான் பீன் மறுபடி எழுந்து நிற்கிறார், கடைசியில் அரகார்னை என் அரசன் என்று கூப்பிடுகிறார். அதை இரண்டாவது தொகுதியின் தொடக்கத்திலிருந்து எடுத்து முதல் படத்தின் முடிவில் வைத்தது மிகச் சரியான முடிவு.

பிறகு உதவி கேட்டு மலைமேல் தீ மூட்டுவது. புத்தகத்தில் காண்டால்ஃப் குதிரையில் போகும்போதே தீ எரிந்துகொண்டிருக்கும், ஒரு பத்தியில் முடிந்துவிடும். படத்தில் ஒரு சிகரத்திலிருந்து அடுத்த சிகரத்துக்கு நெருப்பு தாவிப் போகும்போது ஹோவர்ட் ஷோரின் இசை கூடவே ஏறுகிறது, நியூசிலாந்து மலைகள், வசனமே இல்லை. ஆலன் லீ, ஜான் ஹோ என்று பல வருடமாக டோல்கீன் புத்தகங்களுக்கு ஓவியம் வரைந்தவர்களையே கூட்டிவந்து ஊர்களை வடிவமைத்ததால், ஷயரும் எல்ஃப்களின் ரிவென்டெல்லும் முதல்முறை திரையில் வந்தபோது ஏற்கெனவே போய்வந்த இடம் போல இருந்தது.

டோல்கீன் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

அவர் 1973இல் காலமாகிவிட்டார். ஹெல்ம்ஸ் டீப் போர், என்ட்கள் இரண்டுக்கும் இடமில்லை என்றால் போரைத்தான் வெட்ட வேண்டும் என்று எழுதியவர் அவர், அந்தப் போருக்குப் படம் கொடுத்த இடத்தைப் பார்த்தால் தலையில் கைவைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் 2012இல் லெ மோண்ட் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், 15 முதல் 25 வயதுக்காரர்களுக்கான சண்டைப் படமாக்கிப் புத்தகத்தின் குடலை உருவிவிட்டார்கள் என்றே சொன்னார். அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளோடு வாழ்நாளைக் கழித்தவரின் வேதனை அது, அதை மதிக்கிறேன். ஆனால் என்னைப் புத்தகத்துக்குக் கூட்டிவந்ததே அந்தப் படம்தான், அதனால் அவரோடு முழுக்கச் சேர்ந்து நிற்க என்னால் முடியவில்லை.

கடைசிப் படத்தில் முடிவு முடிந்து முடிந்து திரும்ப ஆரம்பிக்கிறதே, அது தேவையா?

தேவை. 11 ஆஸ்கர் வாங்கிய படத்தின்மேல் அதிகம் சொல்லப்பட்ட குறை இது, நான் ஒத்துக்கொள்ளாத குறையும் இதுதான். திரை இருண்டு வெளிச்சமாகி மறுபடி இருளும்போது முதல்நாள் கூட்டத்தில் சிலர் எழுந்து மறுபடி உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எரிமலையோடு நிறுத்தியிருந்தால் ஃப்ரோடோவின் காயம் ஆறாது என்பது தெரியாமலே போயிருக்கும். அவன் கப்பலேறுகிறான், சாம் கரையில் நிற்கிறான். அப்புறம் சாம் வீட்டுக்கு நடக்கிறான், மஞ்சள் வெளிச்சம், வாசலில் மனைவி ரோஸி, மகள் ஓடிவருகிறாள். புத்தகத்தின் கடைசி வரி எதுவோ அதுவே படத்திலும் கடைசி வசனம், ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. சரி, நான் வந்துட்டேன் என்கிறான் சாம்.